கன்னியாகுமரிக்கு டிக்கெட் போட்டாச்சா? ஒரு நாள் முன்னாடியே நாகர்கோவில்ல இறங்குங்க!

கன்னியாகுமரி ட்ரிப்னு சொன்னதும் உங்க மனசுல ஓடுற லிஸ்ட் இதுதானே? காலையில சூரிய உதயம். படகுல விவேகானந்தர் பாறை. 133 அடி திருவள்ளுவர் சிலை. ரெண்டுக்கும் நடுவுல, 2024 டிசம்பர் கடைசியில திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்துல ஒரு ரீல்ஸ். சாயங்காலம் அஸ்தமனம். ராத்திரி ரயில். அவ்வளவுதான், 'குமரி முடிச்சாச்சு'.

இந்த லிஸ்ட்ல எந்தத் தப்பும் இல்லை. ஆனா, கன்னியாகுமரிக்குச் சுமார் 20 கி.மீ. முன்னாடியே ஒரு ஊர் இருக்கு. மாவட்டத்தோட தலைநகரம் அதுதான். 2011 கணக்கெடுப்புப்படி சுமார் 2.25 லட்சம் பேர் வாழ்ற ஊர். 2019-ல மாநகராட்சி ஆச்சு. கடலைப் பார்க்கப் போற பெரும்பாலானவங்க, இந்த ஊரை ரயில் ஜன்னல் வழியாத்தான் பார்த்திருப்பாங்க. நாகர்கோவில்!

உலகம் முழுக்க இப்போ ஒரு பழக்கம் வந்துட்டிருக்கு. டோக்கியோ, கியோட்டோ கூட்டத்துல மூச்சு முட்டினவங்க, ஜப்பானோட நடுத்தர ஊர்களைத் தேடிப் போறாங்க. உதாரணத்துக்கு, ஷிகோகு தீவுல இருக்கிற மட்சுயாமா. நட்சுமே சோசெகி 1906-ல எழுதின 'போச்சான்' நாவலோட களம் அந்த ஊர். கதை சொல்ற வாத்தியார் அந்த ஊரைக் கிண்டல்தான் அடிப்பார். ஊர்க்காரங்க கோவிச்சுக்கலை. அந்த நாவல் பேர்லயே ட்ராம் தண்டவாளத்துல ஒரு குட்டி ரயிலை ஓட விட்டிருக்காங்க. போறவங்க ட்ராம்ல சுத்துறாங்க, வெந்நீர் ஊற்றுல குளிக்கிறாங்க, ஊரோட கதையைத் தெரிஞ்சுக்கிட்டு வர்றாங்க.

இப்படிப்பட்ட ஊர்களுக்கு 'பார்க்க வேண்டிய 10 இடங்கள்' லிஸ்ட் சரிப்படாது. பஸ்ல ஏறணும், சந்தைக்குப் போகணும், பேச்சைக் கேட்கணும். அந்த மாதிரி நாகர்கோவிலைத் தெரிஞ்சுக்கிறது எப்படி? வாங்க, பார்ப்போம்.

முதல்ல, எங்க இறங்குறது?

இந்த ஊருக்கு ரெண்டு ரயில் நிலையம். கோட்டாறு பக்கம் இருக்கிறது நாகர்கோவில் ஜங்ஷன். ஊரோட மேற்குப் பக்கம் இருக்கிறது நாகர்கோவில் டவுன். நெல்லையில இருந்து திருவனந்தபுரம் பக்கம் போற சில ரயில்கள் டவுன் ஸ்டேஷன் வழியாப் போகும். அதனால டிக்கெட்ல எந்த ஸ்டேஷன்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க. சென்னை எழும்பூர்ல இருந்து வந்தே பாரத் 2024 ஆகஸ்ட் 31-ம் தேதி தொடங்கிவெச்சாங்க. காலையில ஏறினா மதியத்துக்குள்ள வந்துடலாம். ராத்திரி ரயிலா வேணும்னா கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், அனந்தபுரி எக்ஸ்பிரஸ் எப்பவும் போல இருக்கு.

பஸ் நிலையமும் ரெண்டு. வடசேரியில இருக்கிறது வெளியூர் பஸ்களுக்கு. மீனாட்சிபுரத்துல இருக்கிற அண்ணா பேருந்து நிலையம் டவுன் பஸ்களுக்கு. 'பஸ் ஸ்டாண்டு போகணும்'னு மட்டும் சொன்னீங்கன்னா, ஆட்டோக்கார அண்ணன் உடனே கேட்பார்: 'வடசேரியா, அண்ணாவா?' பதிலைத் தயாரா வெச்சுக்கோங்க. சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதனால கேர்ள்ஸ் கேங்கா வர்றவங்களுக்கு ஊர் சுத்துற செலவு ரொம்பவே குறைவு.

தங்குறதுக்கு, ஊருக்கு நடுவுல வேப்பமூடு, மணிமேடை, செட்டிகுளம், கோர்ட் ரோடு சுத்துவட்டாரத்துல ரூம் பாருங்க. நடந்தே நிறைய இடம் போயிடலாம்.

போர்டைப் படிச்சா பாதி ஊர் தெரியும்

பஸ்ல ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் போனை உள்ள வெச்சுட்டு ஸ்டாப்பிங் பேரை எல்லாம் படிச்சுக்கிட்டே வாங்க. வேப்பமூடு. புளியமூடு. ஆலமூடு. 'மூடு'ன்னா இந்தப் பக்கம் மரத்தோட அடிப்பகுதி. மரத்தடியில நாலு பேர் கூடி, வண்டி நின்னு, கடை வந்து, கடைசியில அது ஜங்ஷன் ஆன கதை அந்த ஒரு சொல்லுக்குள்ளயே இருக்கு.

அடுத்தது 'விளை'. கட்டையன்விளை, அருகுவிளைன்னு நிறைய வரும். தென்னையும் வாழையும் மரச்சீனியும் நிக்கிற மேட்டு நிலம்தான் விளை. தண்ணி பாயுற தாழ்வான நிலம் வயல். இந்த ரெண்டும் மாறி மாறி வர்றதுதான் இந்த நிலத்தோட அமைப்பு.

'மடம்'னு முடியுற பேர், உதாரணத்துக்கு வெட்டூர்ணிமடம். மடம்னா வழிப்போக்கர்கள் தங்குற சத்திரம். கேரளத்துக்கும் பாண்டி நாட்டுக்கும் நடுவுல நடந்தும் மாட்டு வண்டியிலயும் போனவங்களோட பாதையில இருக்கிற ஊர் இது. அந்தப் பாதையில ரொம்பப் பழைய சந்தை கோட்டாறு.

அப்புறம் 'குளம்'. இதுதான் கொஞ்சம் மனசைக் குத்துற பேர். நாஞ்சில்னா கலப்பை. ஒரு காலத்துல திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கே நெற்களஞ்சியமா இருந்தது நாஞ்சில் நாடு. பழையாறும், அது நிரப்பின குளங்களும்தான் அந்த நெல்லுக்குக் காரணம். மேற்கே, மூலம் திருநாள் மகாராஜா காலத்துல 1906-ல கட்டி முடிச்ச பேச்சிப்பாறை அணையும் சேர்ந்துக்கிச்சு. இன்னைக்கு பேர்ல குளம் இருக்கிற இடங்கள்ல எத்தனையில தண்ணி மிச்சம் இருக்குன்னு போற வழியில நீங்களே எண்ணிப் பாருங்க. ஒழுகினசேரி பாலத்துல நின்னு பழையாற்றையும் ஒரு தடவை எட்டிப் பாருங்க. ஆகாயத்தாமரையும் கழிவும் கலந்து போற அந்த ஆறும் இந்த ஊர்தான். அழகா இருக்கிறதை மட்டும் பார்த்துட்டுப் போறதுக்குப் பேர் தெரிஞ்சுக்கிறது இல்லையே!

காலை அலாரம் வைங்க... தோவாளைக்கு!

லீவு நாள்ல அலாரமானு முறைக்காதீங்க. நெல்லை ரோட்டுல சுமார் 10 கி.மீ. போனா தோவாளை. வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே பூச்சந்தை களைகட்டிடும். பிச்சி, மல்லிகை, அரளி, சம்பங்கி, வாடாமல்லி, கேந்தின்னு மூட்டை மூட்டையா வந்து இறங்கும். இங்க 'பிச்சிப்பூ'ன்னுதான் கேட்கணும். அந்த வாசனைக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

இங்க இருந்து போற பூவுல பெரும்பங்கு கேரளத்துக்கு. ஓணம் வந்தா அத்தப்பூக் கோலத்துக்காக ராத்திரி பகலா வியாபாரம் நடக்கும். விலையும் பண்டிகையைப் பார்த்து ஏறும், இறங்கும். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் ஒரு விலை, மறுநாள் ஒரு விலை. பறிச்ச பூவை நாளைக்கு வெச்சு விக்க முடியாது. அதனால விவசாயிக்கு அந்தக் காலை நேரம்தான் எல்லாமே. கேமராவைத் தூக்கிக்கிட்டு நடுப்பாதையில நிக்காதீங்க. ஓரமா நின்னு, கேட்டுட்டு எடுங்க.

தோவாளையோட இன்னொரு பெருமை மாணிக்கமாலை. அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடிச்சு மடிச்சுக் கட்டினா, மாணிக்கக் கல்லு பதிச்ச பட்டை மாதிரி இருக்கும். 2025-ல இதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது.

அவ்வளவு சீக்கிரம் எழுந்திரிக்க முடியலையா? பரவாயில்லை. ஊருக்குள்ளயே வடசேரி கனகமூலம் சந்தை இருக்கு. காய்கறி, வாழைக்குலை, கிழங்குன்னு ஒரு சுத்து சுத்தினாலே, இந்த ஊர் அடுக்களையில என்ன வேகுதுன்னு தெரிஞ்சுடும்.

மூணு கோபுரம், ஒரு மணிக்கூண்டு

ஊருக்குப் பேர் கொடுத்ததே நாகராஜா கோயில். உள்ள போனதும் ஒரு விஷயத்தைக் கவனிங்க. மூலவர் இருக்கிற இடத்துக்கு மேல ஓலைக்கூரைதான். ஒவ்வொரு வருஷமும் ஆடி மாசம் புதுசா வேய்வாங்க. பிரசாதம், கருவறையில இருந்து எடுக்கிற மண். தூண்கள்ல மகாவீரர், பார்சுவநாதர் உருவங்களைத் தேடிப் பாருங்க. 16-ம் நூற்றாண்டுத் தொடக்கக் கல்வெட்டுகள்ல சமணப் பண்டிதர்களோட பேரும் இருக்கு. சமணர்கள் வழிபட்ட இடத்துல இன்னைக்கு ஆவணி ஞாயிற்றுக்கிழமைகள்ல பால் ஊத்த வரிசை நிக்குது. ஆவணி ஞாயிறு கூட்டம் எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா அன்னைக்கு வாங்க. நிதானமா தூணைப் பார்க்கணும்னா வார நாள்ல வாங்க.

அடுத்தது கோட்டாறு சவேரியார் பேராலயம். 16-ம் நூற்றாண்டுல பிரான்சிஸ் சவேரியார் இந்தப் பகுதியில நடமாடினதோட நினைவு. நவம்பர் கடைசியில தொடங்குற திருவிழா டிசம்பர் 3-ல முடியும். அன்னைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. மதம் மாறினதுக்கு அப்புறம் கைதாகி, 1752-ல ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயத்தோட கல்லறை இங்கதான் இருக்கு. 2022 மே 15-ம் தேதி அவரைப் புனிதரா வாடிகன் அறிவிச்சது. துறவறம் பூணாத இந்தியர்கள்ல புனிதரான முதல் ஆள் அவர்.

மூணாவது, ஹோம் சர்ச். 1819-ல அடிக்கல் நாட்டின பிரம்மாண்டமான சி.எஸ்.ஐ. ஆலயம். லண்டன் மிஷன்காரங்க இங்க ஆலயத்தோட நிறுத்தலை. 1809-ல மயிலாடியில ரிங்கல்தௌபே தொடங்கின பள்ளி, பின்னாடி நாகர்கோவிலுக்கு வந்து, 1893-ல கல்லூரி ஆச்சு. அதுதான் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. 1820-களில் இங்க அச்சகம் வந்தது. பெண்களுக்கு லேஸ் பின்னக் கத்துக்கொடுத்தாங்க. மேற்கே நெய்யூர்ல ஆஸ்பத்திரி வந்தது. அந்த ஆஸ்பத்திரியில பல வருஷம் வேலை பார்த்த சர்ஜன் ஹோவர்ட் சோமர்வெல், 1922-லயும் 1924-லயும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்கள்ல இருந்தவர். எவரெஸ்ட்டுக்கும் நெய்யூருக்கும் என்ன சம்பந்தம்னு யாராவது கேட்டா இனிமே உங்களால பதில் சொல்ல முடியும்!

நடுவுல மணிமேடை. மூலம் திருநாள் மகாராஜா வருகையை ஒட்டி 1893-ல எழுப்பின மணிக்கூண்டு. ஊர்க்காரங்க வழி சொல்றதே பல நேரம் இங்க இருந்துதான் தொடங்கும்.

ஒரு சட்டைக்குப் பின்னாடி இவ்வளவு வரலாறா?

இந்த மாவட்டத்தைப் புரிஞ்சுக்க ரெண்டு போராட்டம் தெரிஞ்சிருக்கணும். கடற்கரை செல்ஃபியில இது தெரியாது.

முதலாவது, தோள்சீலைப் போராட்டம். திருவிதாங்கூர்ல நாடார் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை போடக் கூடாதுன்னு தடை இருந்தது. அதை மீறி உடுத்தின பெண்களை சந்தையிலும் தெருவிலும் வெச்சு அவமானப்படுத்தினாங்க, துணியைக் கிழிச்சாங்க. அந்தப் பெண்கள் பின்வாங்கலை. 1820-களில் தொடங்கின போராட்டம், 1859 ஜூலையில மகாராஜாவோட அறிவிப்பு வர்ற வரைக்கும் நடந்தது. அந்த அறிவிப்பும் முழு உரிமையைக் கொடுத்துடலை. நாடார் பெண்கள் மேலாடை போடலாம், ஆனா உயர்சாதிப் பெண்கள் போடுற மாதிரி போடக் கூடாதுன்னு ஒரு நிபந்தனையோடதான் வந்தது. போராட்டத்தோட 200-வது ஆண்டு விழா 2023 மார்ச்ல நாகர்கோவில்ல நடந்தப்போ, தமிழக, கேரள முதல்வர்கள் ரெண்டு பேரும் மேடையில இருந்தாங்க.

அதே காலத்துல வாழ்ந்தவர் அய்யா வைகுண்டர். அவரோட சாமிதோப்பு, நாகர்கோவில்ல இருந்து பஸ்ல போற தூரம்தான். தலையில துண்டு கட்டக்கூட உரிமை இல்லாத ஆண்களை, 'தலைப்பாகை கட்டிக்கிட்டு வா'ன்னு கூப்பிட்ட இடம் அது. இன்னைக்கும் ஆண்கள் தலைப்பாகையோடதான் உள்ள போகணும். கருவறையில சிலை கிடையாது, கண்ணாடி. வணங்க நிக்கிறப்போ உங்க முகம்தான் உங்களுக்குத் தெரியும். எல்லாச் சாதிக்காரங்களும் சேர்ந்து தண்ணி எடுக்க வெட்டின முத்திரிக் கிணறும் அங்க இருக்கு. வேற ஊர்ல கோயிலுக்குப் போறப்போ தலையில கட்டினதை அவிழ்ப்போம். இங்க கட்டுறோம். ஏன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கட்டினா, அந்தத் துண்டோட கனம் வேற.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கும் இப்படி ஒரு பக்கம் உண்டு. ஏழு நிலை கோபுரம், தட்டினா ஸ்வரம் வர்ற தூண்கள், 18 அடி அனுமன்னு எல்லாரும் சொல்வாங்க. கோயிலைச் சுத்தியிருக்கிற தெருவுல எல்லாரும் நடக்கணும்னு 1926-ல சத்தியாகிரகம் நடந்ததும் இதே சுசீந்திரத்துலதான். 1936 நவம்பர்ல ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்ததுக்கு அப்புறம்தான் எல்லாருக்கும் கதவு திறந்தது. தேர் ஓடுற தெருவுல நடக்கிறப்போ இது ஞாபகம் இருக்கட்டும்.

ரெண்டாவது, எல்லைப் போராட்டம். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1-ம் தேதி வரைக்கும் தமிழ்நாட்டுல இல்லை. திருவிதாங்கூர் - கொச்சியில இருந்தது. தமிழ் பேசுற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோட சேர்க்கணும்னு மார்ஷல் நேசமணி தலைமையில போராடினாங்க. 1954 ஆகஸ்ட் 11-ம் தேதி புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டதுல உயிர்கள் போச்சு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, இந்த நாலு தாலுகாவும் சேர்ந்துதான் கன்னியாகுமரி மாவட்டம் ஆச்சு. நேசமணிக்கு நாகர்கோவில்ல மணிமண்டபம் இருக்கு. தமிழ்நாடுங்கிற பேரை நாம சர்வ சாதாரணமாச் சொல்றோம். இங்க அதுக்குள்ள வர்றதுக்கே விலை கொடுத்திருக்காங்க.

சாப்பாடு: தேங்காய் இல்லாம ஒரு வேளை இல்லை

இப்போ கொஞ்சம் வயித்தைக் கவனிப்போம்.

காலையில புட்டு, பயறு, பப்படம். கூடவே ஒரு பழத்தைப் பிசைஞ்சுக்கலாம். மதியம் சோறு. சம்பா அரிசிச் சோறு கொஞ்சம் தடியா, சிவப்பா இருக்கும். 'வெள்ளைச் சோறு வேணும்'னு கேட்காம ஒரு நாள் இதைச் சாப்பிட்டுப் பாருங்க. அவியல், தீயல், எரிசேரி, புளிசேரின்னு வரும். தீயல்னா தேங்காயை நல்லா கறுக்க வறுத்து அரைச்சு வைக்கிற குழம்பு. வீட்டுக்கு வீடு கறுப்போட அளவு மாறும், சண்டையும் அதைப் பத்திதான் வரும்.

அசைவக்காரங்களுக்கு இது சொர்க்கம். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். மத்த ஊர்ல மரவள்ளின்னு சொல்ற கிழங்குதான் இங்க மரச்சீனி. சாளை, நெத்திலி, அயிலை, சூரை, வாளைன்னு எந்த மீன் கிடைக்கும்ங்கிறதை அன்னைக்குக் கடல்தான் முடிவு பண்ணும். அதனால மெனு கார்டைப் பார்க்காம, 'இன்னைக்கு என்ன மீன்ணே?'ன்னு கேளுங்க.

கல்யாணச் சாப்பாட்டுக்கு யாராவது கூப்பிட்டா யோசிக்காம போயிடுங்க. பருப்பும் நெய்யும்ல தொடங்கி, நடுவுல பாயசத்தை இலையிலயே ஊத்துவாங்க. பழத்தையும் பப்படத்தையும் அதோட சேர்த்து நொறுக்கிப் பிசைஞ்சு சாப்பிடுறதுதான் முறை. முதல் தடவை பாயசம் இலையை விட்டு ஓடும். பக்கத்து இலைக்காரர் சிரிப்பார், அப்புறம் அவரே சொல்லியும் கொடுப்பார்.

வாழைப்பழக் கடை முன்னாடி நின்னா ஒரு பாடமே நடத்தலாம். ஏத்தன்னா நேந்திரன். செந்துளுவன்னா செவ்வாழை. பாளையங்கோட்டன், ரசகதலி, சிங்கன் எல்லாம் தொங்கும். நடுவுல ஒல்லியா, சின்னதா இருக்கிறது மட்டி. கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது. கைக்குழந்தைக்கு முதல்ல கொடுக்கிற பழம் பல வீட்டுல இதுதான். ரொம்ப தூரம் தாங்காது, அதனால வாங்கின இடத்துலயே உரிச்சிடுங்க.

ஊருக்குக் கொண்டு போறதுக்கு தேங்காய் எண்ணெயில வறுத்த ஏத்தங்காய் சிப்ஸ். சட்டியில இருந்து எடுக்கிற கடையா பார்த்து வாங்குங்க. முந்திரிக்கொத்தும் மறக்க வேண்டாம். பேர்லதான் முந்திரி, உள்ள இருக்கிறது வறுத்த சிறுபயறும் வெல்லப்பாகும். பனை சீசன்ல வந்தா அக்கானி கேளுங்க. பதநீருக்கு இந்தப் பக்கத்துப் பேர் அது.

'கொள்ளாம்'னா என்னவாக்கும்?

இந்த ஊர்ப் பேச்சு முதல்ல மலையாளம் மாதிரி கேட்கும். 'மலையாளமா பேசுறீங்க?'ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. மேல படிச்ச எல்லைக் கதைதான் அதுக்குக் காரணம். இது இந்த மண்ணோட தமிழ்.

'கொள்ளாம்'னா நல்லா இருக்கு. 'கிட்டும்'னா கிடைக்கும். 'சாடு'ன்னா குதி. 'பைய போ'ன்னா மெதுவா போ. வாக்கியத்தோட கடைசியில 'ஆக்கும்' சேரும்: 'இது மட்டிப்பழமாக்கும்'. பாசம் வந்தா வயசு வித்தியாசம் இல்லாம 'மக்களே', 'மக்கா'. தாத்தா, பாட்டா ஆயிடுவார். டீயைச் சாயான்னு கேட்டாலும் கிடைக்கும்.

வழி கேட்டா இடது, வலதுன்னு சொல்ல மாட்டாங்க. 'நேரா தெக்க போயி, மேக்க திரும்பு'ம்பாங்க. கூகுள் மேப் இருக்கேன்னு சிரிக்காதீங்க. மலை வடக்குல, கடல் தெற்குல. இது மனசுல இருந்தா திசை தானா வந்துடும்.

வர்றதுக்கு முன்னாடி ஒரு புத்தகம்

மட்சுயாமாவுக்கு 'போச்சான்' மாதிரி நாகர்கோவிலுக்கு சுந்தர ராமசாமியோட 'ஒரு புளியமரத்தின் கதை'. 1966-ல வந்த நாவல். ஒரு ஜங்ஷன்ல நிக்கிற புளியமரத்தை வெச்சு, ஒரு ஊர் எப்படி மாறுது, யார் எதுக்காக ஒரு மரத்தை விட்டுவைக்க மாட்டேங்குறாங்கன்னு சொல்ற கதை. படிச்சுட்டு வேப்பமூட்டுல நின்னா, போக்குவரத்து சத்தத்துக்குள்ள வேற ஒரு ஊர் கேட்கும். அவர் 1988-ல தொடங்கின 'காலச்சுவடு' இன்னைக்கும் இங்க இருந்துதான் வருது.

நாஞ்சில் வீடுகளோட உள்பக்கம் தெரியணும்னா நாஞ்சில் நாடன். அவரோட 'தலைகீழ் விகிதங்கள்'தான் 'சொல்ல மறந்த கதை' படமாச்சு. கடற்கரை முஸ்லிம் வாழ்க்கைக்கு தோப்பில் முஹம்மது மீரான். மேற்கு மலையோரத்துக்கு ஜெயமோகனோட 'ரப்பர்'. இவங்களுக்கு முன்னாடி, தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, ஒழுகினசேரி கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், பூதப்பாண்டி ஜீவா. ஒரு சின்ன நிலத்துக்கு இது ரொம்பப் பெரிய வரிசை.

ரெண்டாவது நாள் இருந்தா...

எல்லாத்தையும் ஒரே நாள்ல அடைக்காதீங்க. ஒரு திசையை மட்டும் எடுங்க.

* மேற்கே போனா: தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டு மண்ணுல நிக்குது, நிர்வாகம் கேரள அரசு. திங்கட்கிழமை லீவு. நவராத்திரிக்கு இங்க இருந்து சரஸ்வதி அம்மன் ஊர்வலமா திருவனந்தபுரம் போறது இன்னைக்கும் நடக்குது. கூடவே மாத்தூர் தொட்டிப்பாலம். ரெண்டு மலைக்கு நடுவுல தண்ணியைக் கொண்டுபோக 1966-ல கட்டினது, 115 அடி உயரம்.
* தெற்கே போனா: சுசீந்திரம், தேரூர் குளம், சாமிதோப்பு. சுசீந்திரம் - தேரூர் ஈரநிலம் 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்தது. பறவை பார்க்கக் காலையிலயே போங்க.
* கடல் வேணும்னா: முட்டம், சொத்தவிளை, சங்குத்துறை. கன்னியாகுமரி அளவுக்குக் கூட்டம் இருக்காது. அலை முரட்டுத்தனமானது, உள்ள இறங்கி விளையாட வேண்டாம்.

எப்போ வரலாம்?

தமிழ்நாட்டுல ரெண்டு பருவமழையையும் நல்லா வாங்குற மாவட்டம் இது. ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர் - நவம்பர்ல வடகிழக்கு. வயல் பச்சையாவும் மலை கறுப்பாவும் தெரியணும்னா மழை விட்ட கையோட வாங்க. ஜூன், ஜூலையில ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற காத்து ஆளைத் தள்ளும். முப்பந்தல் காற்றாலைகள் சுத்துறதைப் பார்க்க அதுதான் நேரம். டிசம்பர், ஜனவரி இதமா இருக்கும். சுசீந்திரம் மார்கழித் தேரும் அப்போதான்.

பைக்குள்ள இதையும் வைங்க

* ஒரு குடை. வெயிலுக்கும் மழைக்கும்.
* ஆண்களுக்கு ஒரு வேட்டி, ஒரு துண்டு. சுசீந்திரத்துல சட்டையைக் கழட்டணும், சாமிதோப்புல தலைப்பாகை கட்டணும்.
* மதியம் கோயில் நடை சாத்துற நேரம் உண்டு. அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் ஒதுக்குங்க.
* பஸ்ஸுக்குச் சில்லறை. கண்டக்டர் அண்ணனோட நட்பு அதுல இருந்துதான் தொடங்கும்.

ஒரு நடுத்தர ஊர் உங்களை அசத்த முயற்சி பண்ணாது. அதுபாட்டுக்கு அது பூ கட்டும், மீன் விக்கும், வயலை வித்து மனை போடும், அதைப் பத்தி டீக்கடையில சண்டையும் போடும். அதுக்கு நடுவுல நீங்க ஒரு நாள் இருந்துட்டுப் போகலாம். அடுத்த தடவை கன்னியாகுமரிக்கு டிக்கெட் போடுறப்போ, கடைசி ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னாடியே இறங்கற மாதிரி போடுங்க. கடல் 20 கி.மீ. தூரத்துலதான் இருக்கு. மறுநாள் காலையில பஸ் பிடிச்சுப் போய்க்கலாம். இந்த ஊர் பாஷையில சொல்லணும்னா, பைய போலாம் மக்களே!